காதர் தொடாத கார்

மகனுக்கு,

வரும் செவ்வாய்க்கிழமை நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறப்போகிறாய் என்பதை உன் மாமனார் வீட்டு ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நலம் கேட்டுத் தொடங்க எனக்கு மனமில்லை. இதற்கு முன் உனக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றும் பிரிக்கப்படாமல், நீ இப்போது தங்கியிருக்கும் திருச்சியிலிருந்து திரும்பி வந்தன. வாங்க மறுத்துவிட்டதாக உறையின் மேல் தபால்காரர் எழுதியிருந்தார். அதனால் இந்த நான்காவதின் நகல் ஒன்றை, நான் செய்தி அனுப்பும் வாரப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வெளியாகும். உன் பெயரோ என் பெயரோ அதில் இருக்காது. வல்லத்திராக்கோட்டையில் அதைப் படிக்கும் எவருக்கும் பெயர் தேவைப்படாது.

விஷயம் ஒன்றுதான். நம்மிடம் டிரைவராக இருந்த காதர் மேல் நீ போலீஸில் கொடுத்த புகாரை, கப்பல் ஏறுவதற்கு முன் நீயே வந்து திரும்பப் பெற வேண்டும். அவருடைய லைசென்ஸ் இரண்டு மாதமாகப் புதுக்கோட்டை ஸ்டேஷனில் ஒரு மேஜை டிராயருக்குள் கிடக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டினால் பஸ் கம்பெனி ஒன்று அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும். காட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடும். நீ கடல் தாண்டிவிட்டால் புகார் கொடுத்தவன் இருக்க மாட்டான், புகார் மட்டும் இருக்கும். அந்த மாதிரி வழக்குகளைக் கோர்ட்டு வராந்தாவில் முப்பது வருஷமாகப் பார்த்து எழுதியவன் நான். வாய்தா மேல் வாய்தாவாகப் போகுமே தவிர முடியாது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரியாத விஷயங்கள் இதில் சில உண்டு. தெரிந்தும் நீ வெளியே சொல்லாதவை அதைவிட அதிகம்.

செட்டிநாட்டு வீடு ஒன்றிலிருந்து மூன்றாம் கையாக நீ வாங்கிய கார் அது. காரோடு வந்தவர் காதர். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வண்டியைக் கட்டை கொடுத்து நிறுத்தி வைத்திருந்தபோதும், வாரத்துக்கு ஒரு நாள் நடந்தே வந்து துடைத்துவிட்டுப் போனார். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவித் தயார் செய்வதும் வருஷா வருஷம் அவர்தான். மேலே தண்ணீர் ஊற்றுவார். என்ஜினை மட்டும் துணியால் துடைப்பார். ரேடியேட்டர் தலையிலும் விளக்குகளிலும் ஸ்டியரிங்கிலும் உன் ஆத்தா வந்து பொட்டு வைப்பாள். இந்த வருஷம் மருமகளுக்கு மாதம் நிறைந்திருந்தது. எந்த நிமிஷமும் ஆஸ்பத்திரிக்குக் கார் வேண்டியிருக்கும், அதனால் பூஜையில் ஒரு குறையும் இருக்கக் கூடாது, வீட்டு ஆள் கைதான் பட வேண்டும் என்றாய். உன் மச்சினனும் கூட நின்றான். நான் பத்தடி தள்ளி நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"காதரு, இன்னைக்கி நீ அங்கிட்டுப் போய் நில்லு. பூசைய நாங்களே பாத்துக்கிறோம்."

"சரிங்க தம்பி. மேல எவ்வளவு வேணாலும் ஊத்துங்க. எஞ்சினுக்குள்ள மட்டும் வேணாங்க. சந்தனத்தையும் ரேடியேட்டர்ல வச்சாப் போதும்."

"சாமி எங்க இருக்கும், எங்க இருக்காதுன்னு ஒன்கிட்டத்தான் கேட்டுக்கணுமா?"

உன் மச்சினன் வாய்விட்டுச் சிரித்தான். காதரும் சிரிக்கப் பார்த்தார். "அதுக்கில்லீங்க தம்பி, அந்தக் கறுப்பு மூடி..." என்று ஆரம்பித்தார். "நில்லுன்னா நில்லுய்யா" என்றாய். அவர் வேலியோரமாகப் போய் நின்றார். நீ ஆறு குடம் தண்ணீரை என்ஜின் மேல் ஊற்றினாய். உன் ஆத்தா அரைத்து வைத்திருந்த கிண்ணம் நிறையச் சந்தனத்தை நாலு விரலில் எடுத்து ஒவ்வொரு பாகத்துக்கும் பட்டை போட்டாய். வயர்கள் எல்லாம் வந்து சேரும் அந்தக் கறுப்பு மூடி என்ஜினில் எடுப்பாக நிற்கும் அல்லவா, அதற்குத் தனி மரியாதை. சுற்றிலும் கனமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பூஜை வைத்த வண்டியை அன்று எடுக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் ஈரத்தோடு நின்ற என்ஜினை மறுநாள் காலை வரை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலை ஏழு மணிக்கு மருமகளுக்கு வலி கண்டது. நீ காரில் ஏறி, என்ஜினைச் சுற்றவிடும் செல்ஃப் பொத்தானை அமுக்கினாய். என்ஜின் நன்றாகச் சுற்றியது, பற்றவில்லை. மறுபடி அமுக்கினாய். நான் எண்ணவில்லை, முப்பது தடவைக்குக் குறையாது. காதர் பானெட்டைத் திறந்தார். "தம்பி, அமுக்குனது போதும். ஒரு நிமிசம் குடுங்க, பாத்துர்றேன்" என்றார். நீ காதில் வாங்கவில்லை. அவர் அந்தக் கறுப்பு மூடியை நோக்கிக் கையை நீட்டியபோது, வண்டியைக் கையால் சுற்றும் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு நீ இறங்கினாய். "நேத்து தள்ளி நிக்கச் சொன்னது பொறுக்காம என்னடா பண்ணி வச்ச?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் அவருடைய இடது மணிக்கட்டில் அடித்தாய். எலும்பு முறிந்த சத்தம் பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது.

பிறகு மாட்டு வண்டி கட்டினோம். எட்டு மைல். உச்சி நேரத்துக்குப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. டாக்டரம்மாவை நான் தனியாகப் பார்த்துக் கேட்டேன். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "கார்ல வந்திருந்தா பொழைச்சிருக்குமான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. துடிப்பு முன்னாடியே நின்னிருக்கலாம். வழியில நின்னிருக்கலாம்." அவ்வளவுதான். என் பேரனை நானும் கையில் வாங்கினேன். அதனால் உன் துக்கத்தின் அளவை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தத் துக்கத்தை ஒரு மனிதனுடைய தலையில் தூக்கி வைத்துவிட்டுக் கப்பல் ஏறுவதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இனி என் பங்கு. அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் வைத்து நீ சொல்லச் சொல்லப் புகாரை எழுதியவன் நான். நீ சொன்னது கோபமும் அழுகையுமாகக் கலைந்து கிடந்தது. அதை ஒழுங்குபடுத்தியவன் நான். ஒரு வாரத்துக்கு முன் லீவு கேட்டதற்காகக் காதரை நீ திட்டியதை "முன்விரோதம்" என்று எழுதினேன். "உள்நோக்கத்துடன் என்ஜினைச் செயலிழக்கச் செய்து" என்று எழுதினேன். கோர்ட்டுச் செய்தி எழுதி எழுதிக் கைவந்த வார்த்தைகள். அவர் எதையாவது செயலிழக்கச் செய்ததை நான் பார்க்கவில்லை, நீயும் பார்க்கவில்லை. என்ஜினில் வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். அதை எழுதினால் புகார் பலவீனமாகும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். அடித்ததைப் பற்றி ஒரு வரி எழுதினேன்: "நடந்த தள்ளுமுள்ளில் அவருக்குச் சிறு காயம் ஏற்பட்டது." முப்பது வருஷத்தில் நான் எழுதியவற்றில் இவ்வளவு சுத்தமான பொய் வேறில்லை. இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "இவ்வளவு தெளிவா யாருங்க எழுதித் தர்றாங்க" என்றார். காதரைப் பதினோரு நாள் உள்ளே வைத்தார்கள். அத்தனை நாளும் கையை ஒரு மரச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்ததோடு சரி. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கை தேறும் வரை ஷெட் வேலையில் வைத்துக்கொள்வதாகத்தான் பஸ் கம்பெனி சொல்லியிருக்கிறது.

உனக்கு இந்தப் பழக்கத்தை நான்தான் கொடுத்தேனோ என்று யோசித்துப் பார்க்கிறேன். உனக்குப் பன்னிரண்டு வயதில் கூடத்துச் சுவர்க்கடிகாரம் நின்றுபோனது. நீ சாவியை அளவுக்கு மீறி முறுக்கி ஸ்பிரிங்கை அறுத்தாய். வீடு பெருக்க வரும் பொன்னம்மா விளக்குமாற்றால் தட்டிவிட்டாள் என்றாய். சாவி உன் கால்சட்டைப் பையில் இருந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் அவளை நிறுத்தினேன், விருந்தாட்கள் வந்திருந்த நேரத்தில் பெற்ற பிள்ளையைப் பொய்யன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் போகும்போது ஒரு வார்த்தைதான் சொன்னாள். "தம்பி நல்லா வருவாருங்க." எப்படி வந்திருக்கிறாய் பார்.

போன மாதம் காதரைத் தேடிப் புதுக்கோட்டைக்குப் போனேன். அவருடைய மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். "எதுக்குங்க வந்தீங்க? இன்னொரு கை நல்லா இருக்கே, அதையும் பாத்துட்டுப் போலாம்னா?" என்று கேட்டாள். நான் வாசலிலேயே நின்றேன். கார் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது, யாரும் கை வைக்கவில்லை, என்ன கோளாறு என்று வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். உள்ளேயிருந்து காதர் வந்தார். யோசித்துவிட்டு அவர் சொன்னதை உன் வயதில் ஒருவனும் யோசித்திருக்க மாட்டான்.

"வாரேங்க. ஆனா வண்டியத் தொட மாட்டேன். நான் தொட்டு வண்டி ஓடிருச்சுன்னா, இவன் கெடுத்தான், இவனே சரி பண்ணிக்கிட்டான்னு ஆயிரும். நீங்க தொடுங்க. நான் தள்ளி நின்னு சொல்றேன். கர்ணத்தக் கூப்புட்டு ஒவ்வொண்ணா எழுதிக்கிறச் சொல்லுங்க."

போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் செய்தோம். பேட்டரியைப் புதுக்கோட்டையில் சார்ஜ் போட்டு மாட்டு வண்டியில் கொண்டுவந்தேன். ரேஷன் கூப்பனில் வாங்கிய புதுப் பெட்ரோலை ஊற்றினேன். ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணம் நோட்டும் பென்சிலுமாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அவர் அதுவரை கார் ஏறியதில்லை. "காதரு, இது பாட்டுக்கு என்னைய இழுத்துக்கிட்டுக் கொளத்துல போய் எறங்கிறாதே?" என்றார்.

"கியரு நூட்ரல்ல கெடக்குங்க, வண்டி நகராது. நீங்க அந்த ஒரு பொத்தானத் தவிர வேற எதையும் தொடாதீங்க. அப்படியே எறங்குனாலும் கொளத்துல இப்ப முழங்கால் தண்ணிதான்."

காதர் பத்தடி தள்ளி நின்றார். ஒரு கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது, இன்னொன்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கடைசி வரை அதை முன்னால் கொண்டுவரவில்லை. "மொதல்ல செல்ஃப அமுக்குங்க. நல்லாச் சுத்துதா? அப்ப பேட்டரி, மோட்டார் ரெண்டையும் விட்டுருங்க. சுத்துறது வேற, பத்துறது வேற. பத்துறதுக்குப் பெட்ரோல் வரணும், பொறி வரணும். ஒண்ணு முடிச்சிட்டுத்தான் அடுத்தது. ரெண்டையும் சேத்து நோண்டக் கூடாது." கார்புரேட்டரின் சின்னக் கிண்ணத்தைத் திறக்கச் சொன்னார். பெட்ரோல் நிறைந்திருந்தது, தொட்டு முகர்ந்து பார்த்தேன். கர்ணம் எழுதினார். அடுத்தது பொறி. கறுப்பு மூடியின் நடுவில் சொருகியிருக்கும் தடித்த வயரை உருவி, நுனியை இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். கர்ணம் பொத்தானை அமுக்கினார். நீலமாகப் பொறி பறந்தது, சடசடவென்று சத்தம் வேறு. "வருதுய்யா!" என்று நான் கத்தினேன். "அதுவரைக்கும் வருதுங்க. இப்ப அத மாட்டிட்டு, பிளக்குக்குப் போற வயர் ஒண்ணக் கழட்டி அதே மாதிரி புடிங்க" என்றார் காதர். பிடித்தேன். ஒன்றுமில்லை. நான்கு வயர்களிலும் ஒன்றுமில்லை.

"அங்க வரைக்கும் வருது, இங்கிட்டு வரல. நடுவுல என்னங்க இருக்கு?"

அந்த மூடிதான் இருந்தது. காய்ந்து ஏடு ஏடாக நின்ற சந்தனத்தோடு, கார்த்திகை மழையின் நசநசப்போடு இருந்தது. தலையில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு வெளிச்சத்தை மறைத்து அதையே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கர்ணம் பொத்தானை அமுக்கியபோது மூடியின் நடுவிலிருந்து ஒரு நீலக் கோடு சந்தனத்தின் வழியாக ஊர்ந்து இறங்கி, மூடியைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்பில் போய் மறைந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி, நீ வைத்த சந்தனத்தின் மேல் நடந்து போய் இரும்பில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துப் பார்த்தால், அடியில் மூடியே கருகி நூல் மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது.

"அன்னைக்கிக் காலையில இந்தக் கோடு இருந்திருக்காதுங்க" என்றார் காதர். "வெறும் ஈரந்தான். துணிய எடுத்து ஒரு தொடை தொடைச்சிருந்தா வண்டி பொறப்பட்டிருக்கும். அமுக்க அமுக்கப் பொறி அதே தடத்துல ஓடி எரிச்சிருச்சு."

பேனாக் கத்தியால் அந்தக் கோட்டைச் சுரண்டினேன். பிளக்குகளின் வெள்ளைப் பீங்கானில் இருந்த சந்தனத்தையும் துடைத்தேன். மூன்றாவது தடவை அமுக்கியதும் என்ஜின் பற்றிக்கொண்டது. கொட்டகை முழுக்கப் புகை. கர்ணம் ஒரு செருப்பை உள்ளேயே விட்டுவிட்டுக் குதித்து இறங்கினார். காதர் மட்டும் அசையவில்லை. "எழுதியாச்சுங்களா? அப்ப அணைச்சிருங்க, பெட்ரோல் வீணாப் போகுது" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அய்யா, எஞ்சின்ல வேணாம்னு நான் தம்பிகிட்டச் சொன்னப்ப நீங்க இங்கதான பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா."

"கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

 கர்ணம் எழுதியதில் ஒரு நகல் வேண்டும் என்றார் காதர், வாங்கிக்கொண்டு போனார். வாழ்நாள் முழுவதும் பிறரைக் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். 

இதையெல்லாம் உன் தாய்மாமன் மூலம் உனக்குச் சொல்லி அனுப்பினேன். நீ சொன்ன பதிலை அவர் மறைக்காமல் சொன்னார். "அவருக்கு வயசாயிருச்சு மாமா, எவன் வந்து அழுதாலும் கூடச் சேந்து அழுவாரு." அதை விட்டுவிடுகிறேன். அடுத்து நீ சொன்னதைத்தான் விட முடியவில்லை. "அப்ப எம் பிள்ளைய நாந்தான் கொன்னேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாரா?" இல்லை. டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை, காதர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீ ஒருவன்தான் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரிகிறாய். அதைச் சொல்லாமல் இருக்க உனக்குக் குற்றவாளி ஒருவன் வேண்டும், கைக்கு எட்டிய தூரத்தில் காதர் இருந்தார். நீ பயத்தோடும் பக்தியோடும் ஒரு தவறு செய்தாய், அதற்காக எவரும் உன்னைக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். மணிக்கட்டை உடைத்ததும் பொய்ப் புகார் கொடுத்ததும் அந்தக் கணக்கில் சேராது. மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி அவள் கேட்டது ஒன்றுதான்: "அவங்களுக்கு இது தெரியுமா மாமா?" தெரியும் என்றேன். நீ பினாங்குக்கு அழைத்தால் அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. வா என்று சொல்லும்படி நான் அவளைக் கேட்டுக்கொள்ளப் போவதில்லை.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். புகாரை எழுதியவன் நான், பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன், கேட்டதை வேண்டுமென்றே விட்டேன் என்று வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். கர்ணத்தின் குறிப்பையும் கூட வைத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார். "அய்யா, இதுல கையெழுத்துப் போட்டா லைசென்ஸ நான் திருப்பிக் குடுத்துரலாம். ஆனா பொய்ப் புகார்னு ஒங்க மேலயும் ஒங்க மகன் மேலயும் கேஸ் வரும். தம்பியே வந்து வாபஸ் வாங்கிட்டா இம்புட்டுத் தூரம் போக வேணாம். ஒரு வார்த்த சொல்லிப் பாருங்களேன்" என்றார். மூன்று கடிதம் எழுதிப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி வரை அந்தக் காகிதம் அவர் மேஜையில் இருக்கும். அதற்குள் நீ வந்தால் கிழித்துப் போடச் சம்மதித்திருக்கிறார். வராவிட்டால் மேலே போகும். நாகப்பட்டினம் நம் சமஸ்தானத்துக்குள் வராது, அங்குள்ள போலீஸுக்கு எழுதித்தான் கப்பல் ஏறுவதற்கு முன் ஆளை நிறுத்த வேண்டும், அடையாளம் வேண்டும் என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். வயது இருபத்தொன்பது. உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். மாநிறம். இடது புருவத்துக்கு மேல் அரை அங்குலத் தழும்பு, நாலு வயதில் கிணற்றடிக் கல்லில் விழுந்தபோது ஏற்பட்டது, தகப்பன் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினான். "எப்ப விழுந்தாரு, யாரு தூக்குனான்னெல்லாம் வேணாங்க" என்று இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார். அந்த வரியை நான் நீக்கவில்லை.